கறுப்புச் சேவலும் கம்பம் திராட்சையும்

டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்லி ஊக்குவிக்கிற பதிவு இல்லை. ஒரு சரக்கை எப்படிச் செய்யணும், எதுக்கு அந்தப் பேரை வைக்கலாம்னு முந்நூறு வருசமா அடிச்சுக்கிட்ட ஒரு ஊர்க்காரங்களைப் பத்தின பதிவு. "மூணு கிளாஸ் அடிச்சேன், சொர்க்கம் தெரிஞ்சுச்சு" டைப்ல எதிர்பார்த்து வந்தவங்க பக்கத்துக் கடைக்குப் போகலாம் :)

சரி, மேட்டருக்கு வருவோம்.

இத்தாலியில ஃப்ளோரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவுல இருக்கிற மலைப்பகுதிக்குப் பேரு கியான்டி. எழுத்தைப் பார்த்து 'சியான்டி'ன்னு வாசிக்கத் தோணும். அந்த ஊர்க்காரங்க காதுல விழுந்தா உடனே திருத்துவாங்க. அங்க விளையுற சிவப்பு ஒயினுக்குப் பேரு கியான்டி கிளாஸிகோ. பாட்டில் கழுத்துல ஒரு கறுப்புச் சேவல் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கும். 2005-லேர்ந்து எல்லா கியான்டி கிளாஸிகோ பாட்டில்லயும் அந்தச் சேவல் இருந்தே ஆகணும்.

சேவலுக்கு ஒரு கதை இருக்கு. ஃப்ளோரன்ஸுக்கும் சியனாவுக்கும் எல்லைத் தகராறு. சண்டை போட்டு அலுத்துப்போய் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாங்களாம். விடியக்காலம் சேவல் கூவினதும் ரெண்டு ஊர்லேர்ந்தும் ஒவ்வொரு குதிரைக்காரன் கிளம்பணும். ரெண்டு பேரும் சந்திக்கிற இடம்தான் எல்லை. சியனாக்காரங்க ஒரு வெள்ளைச் சேவலுக்கு நல்லா தீனி போட்டு வளர்த்தாங்க. ஃப்ளோரன்ஸ்காரங்க ஒரு கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டாங்க. பசி தாங்காத கறுப்புச் சேவல் விடியுறதுக்கு ரொம்ப முன்னாடியே கூவிடுச்சு. ஃப்ளோரன்ஸ் குதிரை கிட்டத்தட்ட சியனா வாசல் வரைக்கும் போயிடுச்சு. கியான்டி மொத்தமும் ஃப்ளோரன்ஸ் கைக்கு வந்துச்சு. இது கதைதான். ஆனா ராடா, கயோலே, காஸ்டெல்லினா மூணு ஊரும் சேர்ந்து இருந்த பழைய கியான்டி கூட்டணிக்குக் கறுப்புச் சேவல்தான் சின்னம்ங்கிறது நிஜம். ஃப்ளோரன்ஸ்ல பலாட்ஸோ வெக்கியோ அரண்மனையோட பெரிய மண்டபக் கூரையில வசாரி வரைஞ்ச ஓவியத்துல இப்பவும் அந்தச் சேவலைப் பார்க்கலாம்.

கதையோ நிஜமோ, அந்த ஊர்ல முதல் கேள்வி எப்பவுமே "எல்லை எது?"ங்கிறதுதான். 1716-ல டஸ்கனியை ஆண்ட மூணாம் கோஸிமோ மெடிசி ஒரு ஆணை போட்டார். கியான்டின்னா இந்த எல்லைக்குள்ள விளைஞ்சது மட்டும்தான். பொமினோ, கார்மிஞ்ஞானோ, மேல் அர்னோ பள்ளத்தாக்கு, இந்த மூணுக்கும் அதே மாதிரி எல்லை. பேரை வச்சு ஏமாத்துறவனைக் கவனிக்க ஒரு குழு. ஒயினுக்கு சட்டப்படி எல்லை வரைஞ்சதுல உலகத்துலயே ரொம்ப முந்தினதுல இதுவும் ஒண்ணு.

இங்க ஒரு விசயம் கவனிங்க. ராஜா 'எங்க'ன்னு மட்டும்தான் சொன்னார். 'எப்படி'ன்னு சொல்லலை. என்ன திராட்சை, எவ்வளவு கலவை, எத்தனை மாசம் ஊறல், ஒண்ணும் கிடையாது. பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, தேவை என்னன்னு எழுதிட்டார், எப்படிச் செய்யணும்ங்கிறதை செய்யறவன்கிட்டயே விட்டுட்டார். நம்ம டேமேஜர்ங்க யாராவது இப்படி விட்டிருக்காங்களா? ஹூம்.

'எப்படி'ங்கிறதுக்கு விடை தேடினவர் பெத்தினோ ரிகாஸொலி. கயோலே பக்கத்துல பிரோலியோ கோட்டைக்குச் சொந்தக்காரர். 1861-ல காவூர் இறந்ததும் இத்தாலியோட ரெண்டாவது பிரதமர் ஆனவர். பட்டப்பேரு 'இரும்புப் பிரபு'. அரசியல் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் தோட்டத்துல பல வருசம் சோதனை பண்ணினார். 1872-ல பீஸா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருத்தருக்கு அவர் எழுதின கடிதத்தோட சாரம் இதுதான். சாஞ்சியோவேஸே திராட்சை வாசனையையும் வலுவையும் கொடுக்கும். கனாயோலோ அதோட முரட்டுத்தனத்தைக் குறைக்கும். மால்வஸியாங்கிற வெள்ளைத் திராட்சை ஒயினை லேசாக்கும். அதனால சீக்கிரம் குடிக்கிற சரக்குக்கு அதைச் சேர்க்கலாம், வருசக்கணக்கா வைக்கிற சரக்குன்னா வேணாம்.

எவ்வளவு தெளிவா எழுதியிருக்கார் பாருங்க. "வைக்கிற சரக்குன்னா வேணாம்". இந்தக் கடைசி வரியைத்தான் பின்னாடி வந்தவங்க வசதியா மறந்தாங்க.

நடுவுல இன்னொரு கூத்து. கியான்டி பேரு நல்லா ஓட ஆரம்பிச்சதும் சுத்துப்பட்டு மலையில விளைஞ்சதெல்லாம் கியான்டின்னு விக்க ஆரம்பிச்சுட்டாங்க. பொறுக்கமாட்டாம 1924-ல ராடாவுல 33 பேர் கூடி ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. சேவலை முத்திரையா வச்சது அவங்கதான். ஆனா 1932-ல அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா, போலியைத் தடுக்கிறதுக்குப் பதிலா எல்லையையே பெருசாக்கிடுச்சு. கியான்டின்னு ஏழு பகுதி. ஒரிஜினல்காரங்களுக்கு ஆறுதல் பரிசா 'கிளாஸிகோ'ன்னு ஒரு வால். சொந்த வீட்டுக்காரனைப் பார்த்து, "எல்லாரும் இந்தப் பேரை வச்சுக்கட்டும், நீ வேணும்னா 'அசல்'னு பின்னாடி போட்டுக்க"ன்னு சொன்ன மாதிரி. இன்னிக்கும் 'கியான்டி' வேற, 'கியான்டி கிளாஸிகோ' வேற. கடையில வாங்குற பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். 1963-ல இத்தாலி ஒயினுக்குன்னு தேசியச் சட்டம் கொண்டுவந்துச்சு. 1967-ல கியான்டிக்கான விதி வந்துச்சு. அதுல ரிகாஸொலி பேரைச் சொல்லிக்கிட்டே, வெள்ளைத் திராட்சை குறைஞ்சது 10 சதவீதம் சேர்த்தே ஆகணும், 30 வரைக்கும் போகலாம்னு எழுதிட்டாங்க. அவர் 'வேணாம்'னு சொன்னது 'கட்டாயம்'னு மாறிடுச்சு!

ஏன் அப்படி? தோட்டத்துல ஏற்கெனவே வெள்ளைக் கொடி நிறைய இருந்துச்சு. ட்ரெபியானோன்னு ஒரு ரகம், காய்ச்சுத் தள்ளும், ருசி சுமார். அதுக்கு முன்னாடி பல நூறு வருசமா அங்க வாரச் சாகுபடி. விளைஞ்சதுல பாதி நிலத்துக்காரனுக்கு, பாதி உழுறவனுக்கு. பாதி போறப்ப எவனாவது அளவைக் குறைச்சுத் தரத்தை ஏத்துவானா? குடம் நிறையணும், அவ்வளவுதான். 1964-ல புது வார ஒப்பந்தம் போடக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. ஆளுங்க நகரத்துக்குப் போயிட்டாங்க. புதுசா நட்ட தோட்டத்துலயும் அதிகமா காய்க்கிற ரகமாப் பார்த்து நட்டாங்க. அன்னிக்கு இருந்த நிலைமை அப்படியே விதியா உறைஞ்சு போச்சு. வைக்கோல் சுத்தின குண்டு பாட்டில்ல, தண்ணி மாதிரி ஒரு கியான்டி உலகம் பூரா போச்சு. சரக்கு தீர்ந்ததும் பாட்டிலை மெழுகுவத்தி ஸ்டாண்டா வச்சுக்குவாங்க. உள்ள இருந்ததை விட பாட்டிலுக்குத்தான் மரியாதை.

இப்ப ஒருத்தர் வர்றார். பியரோ அன்டினோரி. ஃப்ளோரன்ஸ்ல பரம்பரை ஒயின் குடும்பம். 1970-ல தின்யானெல்லோங்கிற தோட்டத்துப் பழத்தைத் தனியா எடுத்து ஒயின் போட்டார். அப்ப அது முறைப்படி கியான்டி கிளாஸிகோதான். 1971-ல வெறும் 'தின்யானெல்லோ'ன்னு பேர் மாத்தினார். 1975-ல வெள்ளைத் திராட்சையை மொத்தமா தூக்கிட்டார். சின்ன ஓக் பீப்பாய்ல ஊற வச்சார், கேபர்னே சேர்த்தார். மொத்தத்துல விதிமீறல். அதனால சட்டப்படி அதுக்கு என்ன அந்தஸ்து தெரியுமா? 'வீனோ டா தாவோலா', அதாவது சும்மா சாப்பாட்டு மேசை ஒயின். ஊர் பேர் இல்லாத சரக்கு வகையறா. ஆனா விலையில கியான்டியைத் தூக்கிச் சாப்பிட்டுச்சு! வெளிநாட்டுக்காரங்க 'சூப்பர் டஸ்கன்'னு பேரே வச்சுட்டாங்க.

அவரைக் கூட விடுங்க, வெளியூர்த் திராட்சையைக் கலந்தார்னு சொல்லலாம். ராடாவுல செர்ஜியோ மனெட்டின்னு ஒருத்தர். அவர் எதையுமே கலக்கலை. 1977-ல வெறும் சாஞ்சியோவேஸே மட்டும் வச்சு 'லெ பெர்கொலே தோர்தெ'ன்னு ஒரு ஒயின் போட்டார். அந்த மண்ணு, அந்த மண்ணோட திராட்சை, நூத்துக்கு நூறு. அதுவும் விதிப்படி செல்லாது! ஏன்னா மத்த திராட்சை கலக்கலையாம். 1981-ல சங்கமும் வேணாம் சேவலும் வேணாம்னு வெளிய வந்துட்டார்.

இதைப் படிச்சப்ப எனக்குப் பகீர்னு இருந்துச்சு. ஒரு பேரைக் காப்பாத்த எழுதின விதி, அந்தப் பேருக்கு ரொம்பத் தகுதியானவனையே வெளிய தள்ளுது. நல்லவன் வெளிய, தண்ணி உள்ள.

நம்மள்ல பாதிப் பேர் இங்கயே கதையை முடிச்சு, "விதின்னாலே வேஸ்ட், திறமைசாலியை சும்மா விடணும்"னு நீதி சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

அவங்க விதியைத் தூக்கிப் போடலை, திருத்தினாங்க. 1984-ல கியான்டிக்கு டி.ஓ.சி.ஜி.ங்கிற மேல் தகுதி வந்தப்ப கிளாஸிகோவுல வெள்ளைத் திராட்சை 2-லேர்ந்து 5 சதவீதமா குறைஞ்சுச்சு. 1992-ல புதுச் சட்டம் போட்டு, சூப்பர் டஸ்கன் மாதிரி ஆளுங்களுக்கு ஐ.ஜி.டி.ன்னு ஒரு வகை உண்டாக்கினாங்க. 1996-ல கிளாஸிகோவுக்குத் தனி விதிப்புத்தகம், சாஞ்சியோவேஸே நூறு சதவீதமும் இருக்கலாம். 2006 அறுவடையிலேர்ந்து வெள்ளைத் திராட்சைக்கே தடை. 39 வருசத்துல 'கட்டாயம்'ங்கிறது 'கூடவே கூடாது'ன்னு ஆயிடுச்சு. 2014-ல 'கிரான் செலெஸியோனே'ன்னு உச்சிப்படி ஒண்ணு வச்சாங்க.

இன்னிக்கு விதி என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். சாஞ்சியோவேஸே குறைஞ்சது 80 சதவீதம், மீதி சிவப்புத் திராட்சையா மட்டும் இருக்கணும். தோட்டம் 700 மீட்டர் உயரத்துக்கு மேல இருக்கக் கூடாது. ஒரு ஹெக்டேருக்கு ஏழரை டன்னுக்கு மேல பழம் எடுக்கக் கூடாது. விளைச்சலை ஏத்தறதுக்காகத் தண்ணி பாய்ச்சக் கூடாது, கொடி காயற நிலைமைன்னா மட்டும் பாய்ச்சலாம். சாதா சரக்கு, அறுவடைக்கு அடுத்த வருசம் அக்டோபர் 1-க்கு முன்னாடி கடைக்கு வரக் கூடாது. ரிஸெர்வான்னா 24 மாசம். கிரான் செலெஸியோனேன்னா 30 மாசம், அதுவும் சொந்தத் தோட்டத்துப் பழமா இருக்கணும். பாட்டில்ல அடைக்கிறதும் அங்கயேதான். எல்லாம் முடிஞ்சு ஆய்வகத்துல சோதனை, அதுக்கப்புறம் ஒரு குழு ருசி பார்க்கும். பாஸானாதான் நம்பர் போட்ட அரசாங்கப் பட்டை கழுத்துல ஏறும்.

ஆன்சைட் புண்ணியத்துல மிலான்ல எட்டு மாசம் ஆணி புடுங்கினப்ப, ஒரு சனிக்கிழமை ஃப்ளோரன்ஸ் போய், அங்கேர்ந்து பஸ் பிடிச்சு கிரேவே போனேன். முக்கோண வடிவுல ஒரு சந்தைத் திடல் இருக்கிற ஊர். பக்கத்துல ஒரு சின்னத் தோட்டத்துல சுத்திக் காட்டின அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். ஜூலை கடைசி. கொடியிலேர்ந்து நல்ல பச்சைக் கொத்தை எல்லாம் வெட்டிக் கீழ போட்டுக்கிட்டிருந்தாங்க. காலடியில பூரா திராட்சை. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. "ஏங்க இப்படி?"ன்னு கேட்டேன். "ஏழரை டன்"னு சொல்லிட்டு அடுத்த கொத்தை வெட்டினாங்க. அதுக்கப்புறம், "விதி இல்லைன்னாலும் வெட்டுவேன். விதி இருக்கறதால பக்கத்துத் தோட்டக்காரனும் வெட்டறான். அதுதான் வித்தியாசம்"னாங்க.

எனக்கு வயிறு எரிஞ்சதுக்குக் காரணம் இருக்கு. எங்கம்மா பிறந்த ஊர் கம்பம் பக்கம். மாமாவுக்குத் திராட்சைப் பந்தல் உண்டு. பன்னீர் திராட்சை, அதாங்க கறுப்பா, விதையோட, தோலை உரிச்சா பன்னீர் வாசம் அடிக்குமே, அது. பிரெஞ்சுக்காரன் 'மஸ்கட் ஹாம்பர்க்'னு சொல்ற ரகம். டஸ்கனியில வருசத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்துல வருசம் பூரா எங்கயாவது ஒரு பந்தல்ல பழம் தொங்கும். 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுச்சு.

இந்தப் புவிசார் குறியீடே ஒரு வகையில ஒயின்காரங்க புண்ணியம்தான். உலக வர்த்தக அமைப்போட 1995 ஒப்பந்தத்துல ஊர்ப் பேருக்குப் பாதுகாப்புன்னு ஒரு பகுதி இருக்கு. அதுல ஒயினுக்கும் மதுவகைக்கும் மட்டும் தனியா கூடுதல் பாதுகாப்பு. அந்த ஒப்பந்தத்துக்காகத்தான் இந்தியா 1999-ல சட்டம் போட்டு, 2003-ல அமலுக்குக் கொண்டுவந்து, 2004-ல டார்ஜிலிங் டீக்கு முதல் குறியீடு கொடுத்துச்சு. அந்த வரிசையில இப்ப எங்க மாமா பந்தலும்.

செய்தி வந்த வாரம் போன்ல மாமா கேட்ட முதல் கேள்வி: "ஏ மாப்ள, முத்திரை குடுத்துட்டாய்ங்களாம்ல. வெல கூடுமா?"

சும்மா கேக்கலை. ஒரு பக்கத்துப் பந்தலை எடுத்துட்டு வாழை போடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தார். கல்லுக்கால், கம்பி, மருந்து, கூலி எல்லாம் ஏறிப்போச்சு. தோட்டத்துக்கே வர்ற வியாபாரி சொன்னதுதான் விலை. அன்னிக்கு மழை பெய்ஞ்சா அதுவும் பாதி.

நான் கியான்டி கதையைச் சொன்னேன். ஏழரை டன் கணக்கைக் கேட்டதும் சிரிச்சுட்டார். ஒரு ஹெக்டேர்னா ரெண்டரை ஏக்கர். ஏக்கருக்கு மூணு டன். "ஒரு போகத்துக்கே அதவிட வருமேப்பா! அத வெட்டிக் கீழ போடுறவனுக்குக் கிறுக்கா?" நியாயம்தான். நம்மளுது சாப்பிடுற பழம், அவங்களுது பிழியுற பழம். அவங்க கணக்கை அப்படியே இங்க கொண்டுவந்து ஒட்ட முடியாது. அதை நானும் சொல்லலை.

ஆனா அவங்ககிட்டேர்ந்து எடுத்துக்க வேண்டியது நம்பர் இல்லை. மூணு விசயம். ஒண்ணு, எல்லைக்கு வெளிய விளைஞ்சதை அந்தப் பேர்ல விக்கிறவனைப் பிடிக்க ஆள் இருக்கு. ரெண்டு, பேர் வேணும்னா எதையாவது விட்டுக் கொடுக்கணும், எல்லாரும் ஒரே அளவு விட்டுக் கொடுக்கணும். மூணு, விதி தப்புன்னா திருத்துறதுக்கு விளைவிக்கிறவனுக்கே வழி இருக்கு. இந்த மூணும் இல்லைன்னா, குறியீடுங்கிறது ஃப்ரேம் போட்டு மாட்டின சான்றிதழ்தான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

இந்த மூணாவது விசயத்துக்குப் பக்கத்து ஊர்லயே ஒரு சாட்சி இருக்கு. கியான்டிக்குத் தெக்க மொன்டால்சினோ. அங்க புருனெல்லோன்னு ஒரு ஒயின், சாஞ்சியோவேஸே நூறு சதவீதம், வேற எதுவும் கூடாது. 2008-ல வேற திராட்சை கலந்திருக்காங்கன்னு சந்தேகம் வந்து சியனா அரசு வழக்கறிஞருங்க விசாரணையில இறங்கினாங்க. லட்சக்கணக்கான பாட்டில் முடங்கிப் போச்சு. ஊர் பேரே நாறிப்போன நேரம். கொஞ்சம் தளர்த்திடலாம், உலக ருசிக்கு ஏத்த மாதிரி கலந்துக்கலாம்னு பேச்சு வந்துச்சு. அதே வருசம் ஓட்டு போட்டாங்க. பெரும்பான்மை "முடியாது, நூறுன்னா நூறுதான்"னு சொல்லிடுச்சு. 2011-ல தம்பி ஒயின் ரொஸ்ஸோவுக்காவது தளர்த்தலாம்னு இன்னொரு ஓட்டு. அதுவும் "முடியாது".

கியான்டிக்காரங்க விதியை மாத்திப் பேரைக் காப்பாத்தினாங்க. மொன்டால்சினோக்காரங்க விதியை மாத்தாம பேரைக் காப்பாத்தினாங்க. ரெண்டு ஊர்லயும் முடிவு எடுத்தது கொடிக்குக் கீழ நிக்கிறவன். எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது.

மனெட்டி குடும்பம் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? இப்ப விதிப்படி நூறு சதவீத சாஞ்சியோவேஸே செல்லும். நினைச்சா நாளைக்கே உள்ள வரலாம். வரலை. இன்னிக்கும் லெபிள்ல 'டஸ்கனி' மட்டும்தான், சேவல் கிடையாது. அவங்க பேரே அவங்களுக்குப் போதும். ஆனா அப்படி நிக்கிறதுக்கு ஒரு மனெட்டியாலதான் முடியும். ஒன்றரை ஏக்கர் பந்தல் வச்சிருக்கிறவனுக்குத் தனிப் பேர் கிடையாது. அவனுக்கு இருக்கிற ஒரே பேர் ஊர்ப் பேர்தான். அதை அவன் மட்டும் தனியா காப்பாத்தவும் முடியாது.

சட்டப்படி கம்பம் குறியீட்டை உபயோகிக்க, விளைவிக்கிறவங்க ஒவ்வொருத்தரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்'னு பதிவு பண்ணிக்கணும். ஃபாரத்தை எடுத்து மாமாவுக்கு அனுப்பி வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு போன்.

"மாப்ள, ஃபாரமெல்லாம் கெடக்கட்டும். வெளியூர்ப் பழத்தப் பொட்டியில போட்டு கம்பம்னு விக்கிறாய்ங்கள்ல, அவய்ங்கள எவன் புடிப்பான்? அதச் சொல்லு மொதல்ல."

"ராடாவுல 33 பேர் கூடினாங்க மாமா. உங்க பக்கம் எத்தனை பேரு தேறும்?"

கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். அப்புறம் பேர் சொல்ல ஆரம்பிச்சார். மேற்குத் தோட்டம், வாய்க்காக்கரை, ரெண்டு சகலை, பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பங்காளி. விரல் விட்டு எண்ணினது போன்லயே கேட்டுச்சு. பதினொண்ணுல நின்னார்.

பந்தல் இந்த வருசம் தப்பிச்சுச்சு. அடுத்த வருசம் என்னன்னு இப்பவே சொல்ல முடியாது.